மீனை அம்பெய்து பிடிக்கலாமா? அமெரிக்காவில் நடக்கும் வாதம்

நள்ளிரவு. ஏரி அமைதியாக இருக்கிறது. கரையோரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீர்தான்.

மெதுவாக ஒரு படகு வருகிறது. படகின் முன்பக்கத்தில் ஒரு மேடை. மேடையைச் சுற்றிலும் பிரகாசமான விளக்குகள். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடக் கண்ணுக்குத் தெரிகிறது.

மேடைமேல் ஒருவர் வில்லை வளைத்தபடி நிற்கிறார். நிழல்போல ஒரு மீன் நகர்கிறது. "விர்" என்று அம்பு பாய்கிறது. அதன் பின்னால் ஒரு கயிறும் ஓடுகிறது. கயிற்றைச் சுற்றி இழுத்ததும், அம்பில் கோத்த மீன் துடித்துக்கொண்டே மேலே வருகிறது.

இது புராணக் கதை அல்ல. கோடை இரவுகளில் அமெரிக்காவின் பல ஏரிகளிலும் ஆறுகளிலும் நடக்கும் காட்சி இது. அங்கே இது ஒரு பொழுதுபோக்கு. இதற்கென்றே வில், அம்பு, படகு, விளக்கு எல்லாம் கடைகளில் விற்கிறார்கள். பந்தயங்களும் நடத்துகிறார்கள்.

இந்த வில் வீரர்கள் ஒரு கோரிக்கை வைக்கிறார்கள். "சில மீன்களை மட்டும் அம்பெய்து பிடிக்கலாம் என்கிறது சட்டம். நல்ல மீன்களையும் பிடிக்க ஏன் அனுமதிக்கக் கூடாது?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குள் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது.

மீனிலும் மேல், கீழ்!

அமெரிக்காவில் மீன்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, 'கேம் பிஷ்'. அதாவது, விளையாட்டுக்கு உரிய உயர்ரக மீன். தூண்டிலில் சிக்கினால் துள்ளும், இழுக்கும், போராடும். சாப்பிடவும் ருசியாக இருக்கும். பாஸ், டிரவுட், வால்ஐ போன்ற மீன்கள் இந்த வகை.

மற்றொன்று, 'ரஃப் பிஷ்'. அதாவது, மட்டரக மீன். கெண்டை, கார், பஃபலோ என்னும் எருமை மீன் ஆகியவை இந்த வகை.

உயர்ரக மீனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கலாம், எத்தனை அங்குல நீளம் இருக்க வேண்டும், எந்த மாதத்தில் பிடிக்கலாம் என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. மட்டரக மீனுக்கு நெடுங்காலமாக இந்தப் பாதுகாப்பு இல்லை. பல இடங்களில் எத்தனை வேண்டுமானாலும் கொல்லலாம்.

பெரும்பாலான மாநிலங்களில் மட்டரக மீன்களை மட்டுமே அம்பெய்து பிடிக்கலாம். ஒரு சில மாநிலங்களில் கெளுத்தி போன்ற சில மீன்களுக்கு விலக்கு உண்டு. பாஸ், டிரவுட் போன்ற மீன்மேல் அம்பு விட்டால் அபராதம்தான்.

இந்த வேலியைத்தான் அகற்றச் சொல்கிறார்கள் வில் வீரர்கள்.

வில் வீரர்களின் வாதம்

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"தூண்டில்காரரும் லைசென்ஸ் வாங்குகிறார், நாங்களும் வாங்குகிறோம். அவருக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா?" என்பது முதல் கேள்வி.

பண விஷயத்திலும் அவர்கள் குறைந்தவர்கள் அல்ல. 1950-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. தூண்டில் முதலிய மீன்பிடிச் சாமான்கள்மேல் 100-க்கு 10 வீதம் வரி விதித்து, அந்தப் பணத்தை மீன் வளர்ப்புக்கே செலவிட வேண்டும் என்பது அந்தச் சட்டம். அதேபோல வில், அம்புகள்மேலும் தனி வரி உண்டு. அது வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது.

"தூண்டிலில் எந்த மீன் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் கண்ணால் பார்த்து, வேண்டிய மீனை மட்டும்தான் அடிக்கிறோம்" என்பது இரண்டாவது வாதம்.

"தூண்டில் முள் மட்டும் மீனுக்கு வலிக்காதா? முள்ளை விழுங்கிய மீனைத் தண்ணீரில் விட்டாலும் சில செத்துத்தான் போகின்றன" என்பது மூன்றாவது வாதம்.

"ஒரு நாளைக்கு 5 மீன் என்றால் தூண்டிலுக்கும் 5, அம்புக்கும் 5. இதில் என்ன நஷ்டம்?" என்பது நான்காவது வாதம்.

கேட்பவர்களுக்கு, "சரிதானே!" என்று தோன்றும். ஆனால் தூண்டிலுக்கும் அம்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

விட்ட அம்பு திரும்பாது!

தூண்டில் போட்டவர் மீனைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். அளவுகோலை வைக்கிறார். "இது சிறிய மீன்; சட்டம் அனுமதிக்காது" என்று தெரிந்தால் முள்ளைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் விடுகிறார். பக்குவமாகக் கையாண்டால் பெரும்பாலான மீன்கள் பிழைத்துக்கொள்கின்றன.

அமெரிக்காவின் உயர்ரக மீன் சட்டங்கள் எல்லாம் இந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான் நிற்கின்றன. முதலில் பிடி, பிறகு அள, தவறானால் விட்டுவிடு.

அம்பில் இது நடக்குமா?

அம்பின் முனையில் எதிர்முள் இருக்கிறது. பாய்ந்த அம்பு கழன்று வராமல் இருப்பதற்காகவே அதை வைக்கிறார்கள். அது மீனின் உடலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடுகிறது. அப்படித் துளைபட்ட மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டால் அது பிழைப்பது அரிது.

ஆகவே, அம்பு எய்பவர் முதலிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும். இது எந்த மீன்? எத்தனை அங்குலம்? இதை அடிக்கலாமா? ஓடும் மீனைப் பார்த்து ஒரு நொடியில் இதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும்.

வில்லிலிருந்து புறப்பட்ட அம்பும், வாயிலிருந்து புறப்பட்ட சொல்லும் திரும்பாது என்பார்கள். மீன் விஷயத்தில் இது முழு உண்மை.

தண்ணீர் செய்யும் மாயம்

இன்னொரு சங்கடமும் உண்டு.

ஒரு குடத்துத் தண்ணீரில் குச்சியைச் சாய்த்து வைத்தால், அது ஒடிந்ததுபோலத் தெரியும். வெளிச்சம் தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் ஏற்படும் தோற்றம் இது. ஏரியில் இருக்கும் மீனும் அப்படித்தான். அது உண்மையில் இருக்கும் இடத்தைவிட மேலே இருப்பதுபோலத் தோன்றும்.

அதனால், மீன் தெரியும் இடத்துக்குக் கீழே குறிவைக்க வேண்டும் என்பதுதான் வில் வீரர்கள் படிக்கும் முதல் பாடம்.

திரௌபதியின் சுயம்வரத்தில் தண்ணீரில் நிழலைப் பார்த்து மீனை வீழ்த்தினான் அருச்சுனன். எல்லாரும் அருச்சுனன் ஆகிவிட முடியுமா? இருக்கும் இடமே சரியாகத் தெரியாத மீனின் நீளத்தை, ஓர் அங்குலம் பிசகாமல் யார் சொல்ல முடியும்?

ஒரு தகப்பனின் காவல்

பாஸ் மீனின் கதை இன்னும் உருக்கமானது.

வசந்த காலத்தில் ஆண் பாஸ் மீன் கரையோரமாக, ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். வாலால் மண்ணை விலக்கிக் கிண்ணம்போல ஒரு பள்ளம் செய்யும். பெண் மீன் அதில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்.

அதற்குப் பிறகு முட்டைக்குக் காவல் தகப்பன்தான். வாலை அசைத்து முட்டைகள்மேல் தண்ணீரை ஓடவிடும். நெருங்கும் மீன்களைத் துரத்தும். குஞ்சுகள் பொரித்த பிறகும் கொஞ்ச காலம் கூடவே இருக்கும்.

இந்தச் சமயத்தில் ஆள் வந்தாலும் அது எளிதில் இடத்தை விட்டு ஓடாது. ஓடினால் பிள்ளைகளுக்கு ஆபத்து!

தெளிந்த தண்ணீரில், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும் இந்தத் தகப்பன்மேல் அம்பு விடுவது எவ்வளவு சுலபம்! அது போன மறுகணமே மற்ற மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். ஒரு அம்பில் ஒரு குடும்பமே போய்விடும்.

"தூண்டிலுக்கும் 5, அம்புக்கும் 5" என்ற கணக்கு இங்கேதான் தவறுகிறது. எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம், நஷ்டம் ஒன்றல்ல.

லூயிசியானாவின் அனுபவம்

உயர்ரக மீனை அம்பெய்து பிடிக்க அனுமதித்த மாநிலமே இல்லையா? இருக்கிறது. தெற்கே கடலோரத்தில் இருக்கும் லூயிசியானா அவற்றில் ஒன்று.

அங்கே 'ரெட்பிஷ்' என்று ஒரு மீன். செம்பு நிறம், வாலில் ஒரு கறுப்புப் புள்ளி. நம் கடற்கரையில் கிடைக்கும் கத்தாழை, பன்னா மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1980-களில் பால் புருதோம் என்ற சமையல் நிபுணர் இந்த மீனில் மசாலா தடவிக் கருக வறுத்துக் கொடுத்தார். நாடெங்கும் அதற்கு மவுசு வந்துவிட்டது. மீனுக்கு ஆபத்தும் வந்துவிட்டது! வியாபாரத்துக்காகப் பிடிப்பதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

லூயிசியானாவின் உப்பங்கழிகளில் இந்த மீனை அம்பெய்து பிடிக்கலாம். பக்கத்தில் இருக்கும் டெக்ஸாசில் கூடாது. புளோரிடாவிலும் கூடாது.

குஞ்சு மீன்கள் கழிமுகங்களில் வளர்ந்து, பிறகு கடலுக்குப் போய்த் தாய் மீன்களாகின்றன. 100-க்கு 30 வீதமாவது தப்பிக் கடலுக்குப் போக வேண்டும் என்பது லூயிசியானா அதிகாரிகளின் குறிக்கோள். அந்த அளவு குறைந்துவிட்டது என்று 2022-ல் எடுத்த கணக்கு சொன்னது.

ஆகவே 2024-ல் சட்டத்தை இறுக்கினார்கள். முன்பு நாளைக்கு 5 மீன், இப்போது 4. நீளம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 27 அங்குலத்துக்கு மிஞ்சவும் கூடாது. முன்பு 27 அங்குலத்துக்கு மேற்பட்ட மீன் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இப்போது அதுவும் கூடாது.

மீன் குறைந்ததற்கு அம்புதான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அங்கே தூண்டில்காரர்களே மிக அதிகம். ஆனால் சட்டம் இறுகும்போது அம்பின் குறை வெளிப்படுகிறது. தூண்டிலில் 28 அங்குல மீன் சிக்கினால், அதைத் தண்ணீரில் விட்டுவிடலாம். அம்பில் சிக்கினால்? மீனும் போயிற்று, சட்டமும் மீறப்பட்டது!

எண்ணிக் குத்தும் ஏரி

அப்படியானால் அம்பு, ஈட்டி எல்லாவற்றையும் அடியோடு தடுத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்று காட்டுகிறது வேறொரு மாநிலம்.

வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னபாகோ என்று ஒரு பெரிய ஏரி. பிப்ரவரி மாதத்தில் அது உறைந்து பனிக்கட்டியாகக் கிடக்கும். ஜனங்கள் பனிக்கட்டியில் துவாரம் போட்டு, அதன்மேல் சிறு குடிசை வைத்து, உள்ளே உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையில் ஈட்டி!

அவர்கள் தேடுவது ஸ்டர்ஜன் என்ற மிகப் பெரிய மீன். 2010-ல் அங்கே பிடிபட்ட ஒரு ஸ்டர்ஜனின் எடை 212 பவுண்டு, அதாவது 96 கிலோ!

பெண் ஸ்டர்ஜன் முதன்முதலாக முட்டையிட 20 வயதுக்கு மேல் ஆக வேண்டும். இவ்வளவு நிதானமாக வளரும் மீனை ஈட்டியால் குத்த அனுமதித்தும், அந்த ஏரியில் மீன் அழியவில்லை. ஏன்?

ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு மீன்தான். காலையில் ஆரம்பித்துப் பகல் 1 மணிக்கு முடித்துவிட வேண்டும். அதிகபட்சம் 16 நாட்கள்தான். குத்திய மீனை அன்றே அதிகாரிகளிடம் கொண்டு போய்ப் பதிவு செய்ய வேண்டும். பெண் மீன் எத்தனை, ஆண் மீன் எத்தனை என்று தினமும் கூட்டிப் பார்க்கிறார்கள். நிர்ணயித்த எண்ணிக்கை நெருங்கினால், நாள் மிச்சம் இருந்தாலும் வேட்டையை நிறுத்திவிடுகிறார்கள்.

ஈட்டியும் அம்பைப்போலத் திரும்பாத ஆயுதம்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு மீனுக்கும் கணக்கு இருக்கிறது. திரும்பாத ஆயுதத்தை அனுமதித்தால், கணக்கும் அதற்கு ஏற்றபடி கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதே வின்னபாகோ சொல்லும் பாடம்.

மட்டரகமா? நூறு வயதுக் கிழவரா?

இதுவரை உயர்ரக மீனின் கதை. அம்புக்கு விடப்பட்ட மட்டரக மீனின் கதை என்ன?

அங்கேதான் விஞ்ஞானிகள் எல்லாரையும் திடுக்கிட வைத்தார்கள்.

மீனின் தலைக்குள் சிறு கல் போன்ற ஒரு பொருள் உண்டு. கத்தாழை மீனைச் சமைப்பவர்கள் அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்திருப்பார்கள். மரத்தில் ஆண்டு வளையம் இருப்பதுபோல, அந்தக் கல்லிலும் ஆண்டுக் கோடுகள் இருக்கும். கல்லை மெல்லிசாகச் சீவிப் பார்த்தால் மீனின் வயதைச் சொல்லிவிடலாம்.

பெருவாய் எருமை மீன் சுமார் 26 வயதுவரைதான் வாழும் என்று முன்பு எண்ணியிருந்தார்கள். வட டக்கோட்டா மாநிலப் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கல்லைச் சீவிப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மீனின் வயது 112!

மின்னசோட்டா மாநிலத்தின் சில நீர்நிலைகளில் கிடைத்த எருமை மீன்களில் பெரும்பாலானவை 80 வயதைத் தாண்டியவை. அதாவது, அங்கே பல பத்தாண்டுகளாகப் புதிய குஞ்சுகள் தலையெடுக்கவே இல்லை. கிழங்கள் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. ஆறுகளில் கட்டிய அணைகள் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

அரிசோனா மாநிலத்தில் 1918-ல், முதல் உலகப் போர் முடிந்த ஆண்டில், எருமை மீன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அப்போது விட்ட மீன்களில் சில இன்னும் உயிரோடு இருக்கக்கூடும் என்று 2023-ல் கண்டார்கள்.

இந்த மீனுக்குத்தான் மட்டரகம் என்று பெயர்! தாத்தா பிறந்த காலத்தில் பிறந்த மீனை, இரவு விளக்கில் பேரன் ஒரு நொடியில் குத்தித் தூக்கிவிடுகிறான். சாப்பிட்டால்கூடப் பரவாயில்லை. பல இடங்களில் மூட்டை மூட்டையாகக் கரையிலோ குப்பையிலோ கொட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படிக் கொட்டக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருக்கிறது.

கார் மீனின் கதையும் இதுவே. முதலைபோல நீண்ட வாயும் பல்லும் உடைய மீன் அது. நல்ல மீனைத் தின்று தீர்க்கும் ராட்சதன் என்று அதற்குப் பழி. 1930-களில் டெக்ஸாசில் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சி அதைக் கொல்ல ஒரு படகே செய்தார்கள். பிறகுதான், மற்ற மீன்களைப்போல அதற்கும் ஆற்றில் ஒரு வேலை இருக்கிறது என்று புரிந்தது. 2009 முதல் டெக்ஸாசின் பெரும்பாலான நீர்நிலைகளில் ஒருவர் நாளைக்கு ஒரு 'அலிகேட்டர் கார்' மீன்தான் பிடிக்கலாம். 2011-ல் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு வலையில் சிக்கிய கார் மீன், 8 அடிக்கு மேல் நீளம். 327 பவுண்டு எடை!

அம்புக்கு ஏற்ற இரை

அம்புக்குப் பொருத்தமான இரை இல்லாமல் போகவில்லை. அது சாதாக் கெண்டை.

1870-களில் அமெரிக்க சர்க்காரே இதை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து நாடெங்கும் விட்டது. "ஏழைகளுக்கு உணவாகும்" என்று எண்ணினார்கள். அது பெருகியது. அடிமண்ணைக் கிளறியது. நீர்ச் செடிகளைப் பிடுங்கியது. ஏரிகள் கலங்கிப்போயின.

இதே கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கும் வந்தது. இன்று தமிழ்நாட்டுப் பண்ணைக் குளங்களில் நல்ல உணவு மீனாக வளர்கிறது. இடத்துக்குத் தகுந்தபடி நண்பன். இடம் மாறினால் விரோதி!

1970-களில் சீனத்து வெள்ளிக் கெண்டை அமெரிக்காவுக்குப் போயிற்று. படகு இயந்திரத்தின் சத்தம் கேட்டால் அது கூட்டமாகத் துள்ளி, படகில் இருப்பவர் முகத்திலேயே வந்து மோதும். இந்த அந்நிய மீன்களை எத்தனை அடித்தாலும் ஏரிக்கு நஷ்டமில்லை. வில் வீரர்களின் திறமை அங்கே தொண்டாகவே ஆகிவிடும்.

முடிவு என்ன?

உயர்ரக மீனுக்கு அம்பைத் திறந்துவிடக் கூடாது என்பதற்குக் காரணம், அது உயர்ரகம் என்பதல்ல. அதைக் காக்கும் சட்டம், "அளந்து பார்த்துத் திரும்ப விடு" என்பதை நம்பி இருக்கிறது. அம்பால் அதைச் செய்ய முடியாது என்பதே காரணம். இந்த நியாயம் வில் வீரர்களுக்கு அவமானம் அல்ல. ஆயுதத்தின் குணம் அது.

ஆனால் அதே நியாயம் எருமை மீனுக்கும் கார் மீனுக்கும் பொருந்த வேண்டாமா? ஒரு மீன் தூண்டிலில் துள்ளி விளையாடினால் பாதுகாப்பு. விளையாடாவிட்டால் சாவு என்பது எந்த ஊர் நீதி?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் இப்போது காதில் ஏற ஆரம்பித்திருக்கிறது. மின்னசோட்டா மாநிலம் 2024-ல் தன் சட்டத்தைத் திருத்தியது. அந்நியக் கெண்டைகளை ஒரு பக்கமும், காலங்காலமாக அந்த மண்ணிலேயே வாழும் மீன்களை மறுபக்கமும் பிரித்தது. எல்லாவற்றையும் ஒரே குப்பைக் கூடையில் போட்ட பழைய வழக்கத்துக்கு அது ஒரு முற்றுப்புள்ளி.

அந்நியக் கெண்டைக்கு அம்பு. மண்ணின் மீன்களுக்குக் கணக்கு. உயர்ரக மீனுக்குத் தூண்டிலும் அளவுகோலும். இதுதான் நியாயமான வழி.

ஆகவே, "இது நல்ல மீனா, மட்ட மீனா?" என்று மட்டும் பார்த்தால் போதாது. "இது போனால், இதன் இடத்தில் இன்னொன்று வருமா?" என்பதையும் வில்லை வளைப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். வளைத்த பிறகு கேட்க நேரம் இல்லை.